நாலு மணி வெளிச்சம்

பூட்டு பேசுகிறான் என்று இஸ்திரிக் கடையில் சொன்னபோது ரேடியோ நம்பவில்லை.

"யாரு, எங்க வீட்டு ஆளா? பல்லு வலிச்சாக்கூட வாயத் தொறக்காத மனுசன். நீ வேற யாரையாச்சும் பாத்திருப்ப, போ" என்று சொல்லிவிட்டு, சூடான பெட்டியைப் படுக்கை விரிப்பின்மேல் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

எதிர் மேஜைக்காரி விடுவதாக இல்லை. தண்ணீர் தெளிக்கிற குப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்ப இது யாரு? உன் புருசனோட ரெட்டப் பொறப்பா?"

போனுக்குள் மரப்பட்டறை தெரிந்தது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி சாய்ந்து இறங்கியது. அந்த வெயிலுக்குள் மரத்தூள் மினுமினுத்துப் பறந்தது. நடுவில் வட்ட ரம்பம். அதற்குப் பக்கத்தில் அவளுடைய புருசன்.

"வணக்கம் உறவுகளே. இன்னிக்கு நம்ம கையில மாட்டியிருக்கிறது ஒரு கெழட்டு மரம். வயசு அறுபதுக்கு மேல இருக்கும். உள்ள இருக்கிற வளையத்த எண்ணுனா, எந்த வருசம் மழ பொய்ச்சுதுன்னு இதே சொல்லிப்புடும். மனுசன் மறைப்பான், மரம் மறைக்காது."

ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி போனது பேச்சு. ரேடியோவின் கண் போனைவிட்டு நகரவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தாள். விரிப்பில் பெட்டியின் அச்சு மஞ்சளாக விழுந்திருந்தது.

"பாத்தியா, பேசிட்டான்ல?" என்றாள் எதிர் மேஜைக்காரி. "எங்க வீட்டுக்காரரு எந்நேரமும் பாத்துக்கிட்டே கெடப்பாரு. உங்க வீட்டுக்காரரு காட்டிக்கிட்டே இருக்காரு. ரெண்டும் ஒரே சீக்குதான்."

"இல்லடி" என்றாள் ரேடியோ. கருகிய விரிப்பை மடித்து ஓரமாக வைத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் இஸ்திரிக் கடையில் ரேடியோ பாடவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவனுக்குப் பூட்டு என்று பேர் வைத்தது மரப்பட்டறை. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும், தள்ளினாலும் நகராது. எதிரே நிற்பவன் சிரிப்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொள்வது மேல் என்று எப்போதோ முடிவு செய்து, அப்படியே மூடிக்கொண்டான். அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது இஸ்திரிக் கடை. காலையில் கடை திறக்கும்போது ஆரம்பித்தால் கரண்டு போனால்தான் நிற்கும். சில நாள் கரண்டு போனாலும் நிற்காது. பன்னிரண்டு வருஷமாக அவள் பேச, அவன் கேட்க, குடும்பம் ஓடியது. பிள்ளை இல்லை. வாசல் அறையில் அவளுடைய தம்பி இருந்தான். முப்பத்தொரு வயது ஆள். பூட்டு அவனைக் கூட்டிப்போய்த் தன்னுடைய பட்டறையிலேயே சேர்த்துவிட்டு நாலு வருஷம் ஆகிறது. அறுத்து விழுகிற பலகையைத் தூக்கி அடுக்குவது அவன் வேலை.

அன்றைக்குச் சோற்றுத் தட்டை வைக்கும்போதே அவள் ஆரம்பித்தாள். "வணக்கம் உறவுகளே!"

பூட்டு நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உனக்கு இப்பத்தான் தெரியுமா? மாமாவ எம்பதாயிரம் பேரு பின்தொடருறாங்க."

"எங்க?"

"போன்லதான்."

"இங்க ரெண்டு பேரு நேர்ல உக்காந்திருக்கோம். எங்களுக்கு எப்ப வணக்கம் சொல்லுவாராம்?"

"விடுக்கா. நான் பாக்குறது வேற. எவனாச்சும் வழுக்கி விழுந்தான், பூனை பாலக் கொட்டுச்சு, சிரிச்சேன், மறந்தேன். மாமா அப்படி இல்ல. ஒவ்வொருத்தரும் கீழ என்ன எழுதுறாங்கன்னு எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. பள்ளிக்கூடத்துல படிக்காதத இதுல படிச்சிட்டாரு."

அது உண்மைதான். காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் அவன் எண்ணிக்கையைத்தான் பார்ப்பான். கூடியிருந்தால் டீயை உறிஞ்சிக் குடிப்பான். குறைந்திருந்தால் டீ ஆறி ஆடை கட்டும். அவள் அது வானிலைச் செய்தி என்று நினைத்திருந்தாள். கூரை இல்லாத முற்றத்தில் மரம் காயவைக்கிறவனுக்கு மழையைப் பற்றிக் கவலை இருக்காதா என்று.

"என்கிட்ட பேசுறதுக்கு என்னவாம்?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு பிசைவதை நிறுத்தினான். "அ... அதுல... த... தப்பா வந்தா... அ... அழிச்சிட்டுத் திரும்ப எ... எடுக்கலாம்."

அந்த மாதத்தில் அவன் வீட்டில் பேசிய பேச்சில் அதுதான் நீளமானது.

*

பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினோரு பேர் வேலை செய்கிற இடம். மேலே தகரம், மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறப்பு. வெயில் காலத்தில் தகரத்திலிருந்து சூடு இறங்கி உச்சியில் உட்காரும். மரத்தூள் காதில், மூக்கில், இமை முடியில் படியும். எச்சில் துப்பினால்கூட மரத்தின் நிறத்தில்தான் விழும். நடு மேஜையில் வட்ட ரம்பம். அதன் தலைக்குமேல் தகர மூடி. பல் தீட்டவோ எண்ணெய் போடவோ அந்த மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுகிறவன் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாசல் தூணில் சுவிட்சுப் பெட்டி இருக்கிறது. அதன் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். கட்டியவனேதான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது.

பலகையில் எழுதி மாட்டியிருக்கலாமே என்றால், பதினோரு பேரில் ஆறு பேருக்குப் படிக்கத் தெரியாது. துணிக்குப் படிப்பு வேண்டாம். உள்ளே நுழைகிறவன் கண் முதலில் கைப்பிடிக்குப் போகும். துணி இருந்தால் ரம்பம் அம்மணமாக இருக்கிறது என்று அர்த்தம். துணி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு மேஜைக்குப் போகலாம். இருபது வருஷமாக அங்கே யாருக்கும் நகம்கூடப் போனதில்லை.

மூடி போட்ட ரம்பம் வீடியோவில் எடுபடாது என்று பூட்டு கண்டுபிடித்திருந்தான். நாலு மணிக்கு அந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கும். பத்து நிமிஷம்தான் இருக்கும், அப்புறம் நகர்ந்துவிடும். அந்த வெயிலில் மூடியில்லாத ரம்பம் சுற்றினால் பல்லே தெரியாது, வட்டமாக ஒரு வெளிச்சம் மட்டும் நிற்கும். மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரமும் அதுதான். மூடியைக் கழற்றுவான், துணியைக் கட்டுவான், போனை மரக்கட்டையில் சாய்த்து வைத்துப் பேசுவான். பிறகு மூடியை மாட்டிவிட்டுத் துணியை அவிழ்ப்பான். இப்படியே ஆறு மாதம் ஒழுங்காகப் போனது.

ரேடியோவுக்கு இது ஒன்றும் அப்போது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அவன் வேலைச் சட்டைப் பையில் ஒரு சிவப்புத் துணி கிடைத்தது. எண்ணெய்க் கறை, ஒரு ஓரத்தில் இறுகிப்போன முடிச்சு. எதையும் கேட்காமல் விடாதவள், அன்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வர அரைமணி ஆகும், குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அலசிக் காயப்போட்டாள். துணி கெட்டியாக இருந்தது. அடுப்பிலிருந்து பானை இறக்க வாகாக இருக்கும் என்று அடுப்புப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

*

வியாழக்கிழமை நாலரை மணிக்கு இஸ்திரிக் கடைக்கு ஆள் வந்தது. தம்பிக்குக் கையில் அடி என்றார்கள். சின்ன அடிதான் என்றார்கள். அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினாள். வலது கையில் மூன்று விரல். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்டு சுவரோடு சுவராக நின்றான். சட்டை முழுக்க ரத்தம். பட்டறை ஆட்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். மூடி சுவரோரம் சாய்ந்து கிடந்ததாம். தம்பிதான் மரச்சிராய் எடுக்கக் கழற்றியிருப்பான் என்றார்கள். பக்கத்தில் யாரும் இல்லையாம், எல்லாரும் டீக்குப் போயிருந்தார்களாம்.

பூட்டிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் பேசமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் பட்டறை மேனேஜர் வார்டுக்கே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

"பாரு, விசாரிக்க ஆளு வருவாங்க. மூடி இல்லாம ரம்பம் ஓடுச்சுன்னு தெரிஞ்சா பட்டறைய மூடிருவாங்க. பதினோரு குடும்பம். உங்க மாமாவும் அதுல ஒருத்தர். நீயா கழட்டுன, உன் கவனக்குறைவுன்னு ஒரு தாள் குடுத்துட்டா முடிஞ்சது."

"நான் கழட்டுனதா எனக்கு ஞாபகம் இல்லிங்களே" என்றான் தம்பி.

"மருந்து குடுத்திருக்காங்கல்ல, எப்படி ஞாபகம் இருக்கும்? திங்கக்கெழம காலையில வீட்டுக்கு வர்றேன்."

அவர் போன பிறகு ரேடியோ வெடித்தாள். "அப்படிக் குடுத்தா அப்புறம் எந்தப் பட்டறையில உன்னச் சேப்பான்? இருக்கிற ரெண்டு வெரலுக்கும் வேலை இல்லாம போயிரும்டா. கவனமில்லாதவன்னு பேரு ஒட்டிக்கும்."

"நான் கழட்டலேன்னா வேற யாருக்கா கழட்டுனா? என் கைதான அங்க இருந்துச்சு." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமா பொழப்பாச்சும் நிக்கட்டும்க்கா. அவரால வேற எடத்துல போயி வாயத் தொறந்து வேலை கேக்க முடியுமா, சொல்லு."

கால்மாட்டில் நின்ற பூட்டு திரும்பி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

*

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி மேகம் கூடிவிட்டு, வராமல் அப்படியே நின்றது. வாசல் அறையில் ஈ மொய்த்தது. ரேடியோ கஞ்சி காய்ச்சினாள். தம்பி படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தான். வலி மருந்து இறங்குகிற நேரத்தில் அவனுக்குப் பேச்சு வந்துவிடும்.

"இப்பக் கொஞ்சம் கொஞ்சமா வருதுக்கா. டீக் குடிச்சிட்டு நான்தான் முன்னால வந்தேன். சத்தம் இல்ல. நிறுத்தியிருந்தாங்க. ஆனா நிறுத்துனாலும் ரம்பம் ரெண்டு மூணு நிமிசம் சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும், சத்தம் வராது. அது தெரிஞ்சதுதான். மூடி இருந்தா ஒண்ணும் ஆவாது. நான் எப்பவும் மேஜைத் தூள மூடியோரமா கையாலயே வழிச்சுத் தள்ளுவேன். நாலு வருசப் பழக்கம். கண்ணு பலகை மேல இருக்கும், கை அதுபாட்டுக்குப் போகும்."

"அப்ப நீ கழட்டலடா!"

"அதான் புரியல. யாராச்சும் கழட்டியிருந்தா சிவப்புத் துணி தொங்கியிருக்கும்ல? உள்ள வரும்போது பாத்தேன்க்கா. சத்தியமா பாத்தேன். கைப்பிடி வெறுமனேதான் இருந்துச்சு. துணி மட்டும் இருந்திருந்தா நான் கைய வச்சிருக்கவே மாட்டேன். அப்ப நான்தான் கழட்டிட்டுக் கட்ட மறந்திருக்கணும். வேற எப்படி? அந்தத் துணி எல்லாருக்கும் தெரியும். எண்ணெய்க் கறையா இருக்கும், ஒரு மூலையில அவுக்க முடியாத முடிச்சு..."

அடுப்படியில் ரேடியோ பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த துணியில் முடிச்சு இருந்தது.

பானையைக் கீழே வைத்தாள். துணியைப் பிரித்துப் பார்த்தாள். கறை துவைத்தும் போகவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கஞ்சியை ஆற்றிக் கொண்டுபோய் ஒவ்வொரு கரண்டியாகத் தம்பிக்கு ஊட்டினாள். அவன் தூங்கிய பிறகு அவனுடைய போனை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

நேரில் இருக்கிறவனைப் போனில் எதற்குப் பார்க்க வேண்டும் என்று இதுவரை அவள் அந்தப் பக்கமே போனதில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் சொல்லாததை எல்லாம் அவன் அங்கே சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்தில் பேரைச் சொல்ல முடியாமல் நின்றதற்காக வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிறுத்தியது, அன்றோடு திரும்பிப் போகாதது. அப்பன் செத்த அன்று அழக்கூட வாய் வராதது. ஒன்றில் சொல்லியிருந்தான்: "எங்க வீட்டுல ஒரு ரேடியோ இருக்கு உறவுகளே. அது பாடுறதாலதான் அது வீடு." அதை அவள் மூன்று தடவை பார்த்தாள். கண் கலங்கியது. கலங்கிய கண்ணாலேயே அடுத்ததற்குப் போனாள்.

அதில் அவனுக்குப் பின்னால், வாசல் தூணில், சிவப்புத் துணி தொங்கியது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவள் எழுத்துக் கூட்டினாள். அண்ணா, பின்னாடி தொங்குற அழுக்குத் துணி கண்ண உறுத்துது. இன்னொருவர், ஆமா அண்ணா, அத எடுத்துட்டா சூப்பரா இருக்கும். நானூறு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வீடியோவில் துணி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசியாக இருந்தது வியாழக்கிழமை நாலு மணி வெளிச்சம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ரம்பம் பின்னால் நிலா மாதிரி நின்றது.

*

பின்பக்கம் குழாயடியில் அவன் வேலைச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகத் தன் துணியைத் தானே துவைக்கிறான். மச்சான் கைக்கு ஆன பாடு, மனசு கேட்காமல் செய்கிறான் என்று நினைத்திருந்தாள்.

இடுப்பிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்ன?"

அவன் பார்த்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வாரமா இதாலதான் பான இறக்குறேன். தெனமும் தட்டு முன்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? எடுத்துட்டுப் போயி கட்டணும்னு தோணலையா? மறந்துட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினான். "ம... மறக்கல. ப... பத்து நிமிசந்தான்னு..."

"வியாழக்கெழம எடுத்து முடிச்சதும் மூடிய மாட்டியிருக்கலாம்ல?"

"உ... உள்ள ட... டவர் கெடைக்காது. வெ... வெளிய போயி ஏ... ஏத்திட்டு வ... வந்து மா... மாட்டலாம்னு..."

"வீடியோவ ஏத்தப் போனீங்க. அவன் உள்ள வந்தான்."

அவன் சட்டையைப் பிழிந்தான். தண்ணீர் சொட்டி முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான்.

"அவன்தான் கழட்டுனான்னு அவனே நம்பிட்டுக் கெடக்கான். உங்க பொழப்புக்காக நாளைக்குத் தாள்ல ரேகை வைக்கப் போறான். உங்களுக்குத் தெரியுமில்ல?"

"சொ... சொல்லணும்னு ரெ... ரெண்டு தடவ கி... கிட்ட போனேன். அ... அந்தக் கட்டப் பா... பாத்தா வா... வாய் வரல."

"போனுக்கு வருது."

அவன் குழாயை அடைத்தான்.

"தப்பா வந்தா அழிச்சிட்டுத் திரும்ப எடுக்கலாம். அதான? அவன் வெரல எப்படித் திரும்ப எடுப்பீங்க?" குரல் உயர்ந்தது. உள்ளே தூங்குகிறான் என்று தணித்துக்கொண்டாள். "அந்தக் கடைசி வீடியோவ ஏன் இன்னும் அழிக்கல?"

வெகுநேரம் முதல் எழுத்தில் நின்றான். பிறகு வந்தது. "எ... எல்லாரும் அ... அதத்தான் பா... பாக்குறாங்க."

அவள் அவனை அடித்துவிடுவாள் என்றுதான் அவனும் நினைத்தான். கையிலிருந்த துணியை இடுப்பில் செருகினாள். "நாளைக்கு அவரு வர்றதுக்குள்ள நீங்க அவன்கிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். தெருவுல எல்லார் கதையும் பேசுறவ நான். இத மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். நான் சொல்லிட்டா நீங்க சாகுற வரைக்கும் பூட்டாவே இருந்துக்குவீங்க."

அன்று ராத்திரி வீட்டில் பூட்டும் பேசவில்லை, ரேடியோவும் பேசவில்லை. தம்பி, "என்ன, ரெண்டு பேருக்கும் கரண்டு இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

*

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மேனேஜர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. கையில் தாள், மைப்பெட்டி, தாளுக்கு அடியில் வைக்க ஒரு அட்டை. எல்லாம் யோசித்துக் கொண்டுவந்திருந்தார். அடுப்பில் கஞ்சி ஏறியிருந்தது.

பூட்டு உள்வாசலில் நின்றான். விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றான். நாலு தடவை கட்டிலை நோக்கி ஒரு அடி வைத்தான். நாலு தடவையும் நிலைப்படிக்கே திரும்பினான்.

"இடது கட்டைவெரல் போதும்" என்றார் மேனேஜர். தம்பியின் கையை அவரே பிடித்து மையில் அழுத்தினார். விரல் கறுத்தது. "இங்க."

"இருங்க" என்றாள் ரேடியோ.

இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துத் தம்பியின் போர்வைமேல் போட்டாள். தம்பி அதைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. புருசனுடைய சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. அவன் முகத்துக்கு நேராக, மரக்கட்டையில் சாய்த்து வைப்பானே அந்த உயரத்துக்கு, இரண்டு கையாலும் பிடித்தாள்.

அந்தப் போனைத் திறக்கிற எண்கூட அவளுக்குத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும். திரை கறுப்பாகத்தான் இருந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

அவன் உதட்டை நனைத்தான். முதுகு நிமிர்ந்தது. தலை கொஞ்சம் சாய்ந்தது.

"வணக்கம் உறவுகளே."

மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத குரல்.

"இன்னிக்கு ஒரு தப்பச் சொல்றதுக்கு வந்திருக்கேன். வியாழக்கெழம நாலு மணிக்கு ரம்பத்து மூடியக் கழட்டுனவன் நான். என் மச்சான் இல்ல. அன்னிக்கு வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்படி ஒரு வெளிச்சம் மழைக்கு முன்னாலதான் வரும். கட்ட வேண்டிய சிவப்புத் துணிய நான் கட்டல. அது பின்னால தொங்கி அசிங்கமா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நீங்க சொன்னதுனால இல்ல, நான் கேட்டதுனால. எடுத்து முடிச்சதும் மூடிய மாட்டாம, சிக்னல் தேடி வெளிய போனேன். முத ஆளு பாத்து இதயம் போட்டதும் சந்தோசமா இருந்துச்சு. அப்பத்தான் உள்ள சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போயி அவனத் தூக்கினேன். தூக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லல. என்னால பேச முடியாதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அவன் கவனமில்லாதவன் இல்ல. நாலு வருசமா ஒரு பலகையக் கீழ போட்டதில்ல. கவனமில்லாதவன் நான். உங்க கருத்த மறக்காம..."

அங்கே நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது.

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ரேடியோ கையைத் தாழ்த்தினாள்.

மேனேஜர்தான் முதலில் அசைந்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பேர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. "எனக்கு ஒரு ரேகை வேணும். அது எவனுதா இருந்தா என்ன" என்று சொல்லி அட்டையைப் பூட்டின் பக்கம் நீட்டினார். "ஆனா இதுல நீ வச்சா நாளையிலருந்து அந்தப் பக்கம் வரக்கூடாது. வேற எடத்துல கேட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன். புரியுதா?"

பூட்டு ரேகை வைக்கவில்லை. பேனா கேட்டு வாங்கி, கருத்துகள் படித்துப் பழகிய எழுத்தில், ஒவ்வொன்றாகத் தன் பேரை எழுதினான். மேனேஜர் மை காய ஊதி, தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி மை பட்ட கட்டைவிரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு சிவப்புத் துணியை எடுத்து அதில் துடைத்தான். நிதானமாக, நகக்கண் வரைக்கும் துடைத்தான். மாமன் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"அன்னிக்கு எடுத்தத இதுவரைக்கும் எத்தன பேரு பாத்திருக்காங்க மாமா?"

"மூணு லட்சத்து நாப்பத்தோராயிரத்து எரநூறு."

ஒரு எழுத்தில்கூட நிற்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கட்டிலை நோக்கி ஒரு அடி வைத்தான். "மா... மா... மாப்..." என்றான். அதற்குமேல் வரவில்லை.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கட்டுப் போட்ட கையை மட்டும் திருப்ப முடியவில்லை, அது இந்தப் பக்கமே கிடந்தது.

அடுப்படியில் கஞ்சி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. ரேடியோ ஓடினாள். கண் பானைமேல் இருந்தது. கை அதுபாட்டுக்கு ஆணிக்குப் போய், துணி கிடைக்காமல், அப்படியே பானைக்குத் திரும்பியது. விளிம்புக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திக்கொண்டாள். ஆவி உள்ளங்கையில் அடித்தது. கையை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. கஞ்சி வழிந்து வழிந்து அடுப்பு தானாக அணைகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.